திருத்திய எழுத்து

குன்னத்துகால்
17 ஜூன் 2024, திங்கள், இரவு

ஜெம்மா மேடத்துக்கு,

என் பெயர் சானு. ஒவ்வொரு புதன்கிழமையும் மாலை நாலு மணிக்கு நீங்கள் திருச்சியிலிருந்து வீடியோவில் கவுன்சிலிங் கொடுக்கும் சிபி என் அண்ணன். அவனுக்கு இருபது வயது. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டான். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். நீங்கள் அனுப்பிய தினப்பதிவு அட்டையின் பின்பக்கம் உங்கள் மையத்தின் முகவரி இருந்தது.

போனில் பேச முடியாது. அம்மாவின் போனை அண்ணன் தினமும் வாங்கிப் பார்ப்பான். அதனால் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைப்புரைக்குள் இருந்து எழுதுகிறேன். இதற்கு உள்பக்கம் கொண்டி உண்டு. புகை நாற்றம் பிடிக்காததால் அவன் இங்கே வரமாட்டான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டையை நிரப்புவது நான்தான். "ஏட்டீ, ரெண்டு மணிக்கூர்னு எழுது. ஒரு நாளு மட்டும் மூணு போடு. இல்லேங்கி அந்தப் பொம்பள நம்பமாட்டா" என்பான். உண்மையில் அவன் தினமும் பதினாலு மணி நேரம் போனில் கேம் விளையாடுகிறான். உங்களோடு பேசும்போது இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொள்வான். அதற்குக் கீழே அழுக்கு லுங்கி. நீங்கள் "வெரிகுட் சிபி" என்பது சமையல்கட்டில் நிற்கும் எனக்குக் கேட்கும்.

போன மாதம் அவன் விளையாடிக்கொண்டிருந்தபோது எங்கள் சேவல் கூவியது. எழுந்து வந்து அதன் கழுத்தை முறித்துவிட்டுப் போய் மறுபடி விளையாடினான். அம்மா அதைக் குழம்பு வைத்தாள். நெஞ்சுத்துண்டைக் கேட்டு வாங்கித் தின்றான். அவன் உதைத்து உடைத்த குளியலறைக் கதவுக்குப் பதில் இப்போது சாக்குதான் தொங்குகிறது.

நெட் நின்றால் அம்மாவைத் தல்லுவான். அம்மாவே உங்களிடம் சொன்னாள். திங்கள்கிழமை பதினொரு மணிக்கு, அவன் உறங்கும்போது, அம்மா முந்திரி மரத்தடியில் போய் நின்று உங்களோடு பேசுவாளே, அப்போது. ஒரு லீவு நாளில் என் காதால் கேட்டேன். "அவன் என்னத் தல்லுவான் மேடம்" என்றாள். நீங்கள் என்ன சொன்னீர்களோ, "சரி மேடம், சரி மேடம்" என்று வைத்துவிட்டாள். அதைக் கேட்ட பிறகும் நீங்கள் எப்படி வெரிகுட் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை மறந்திருப்பீர்கள் என்றுதான் மறுபடி எழுதுகிறேன். அண்ணன் அம்மாவைத் தல்லுவான். நிறையத் தல்லுவான். எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா ஓமானில், சலாலாவில் ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை வீடியோவில் வருவார். அப்போதும் போனைப் பிடித்திருப்பது அண்ணன்தான். அப்பாவுக்குத் தெரிவது எங்கள் வீட்டின் நல்ல சுவர் மட்டும்.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பள்ளி முகவரியில், எங்களுக்குத் தமிழ் எடுக்கும் ஷீனா டீச்சர் வழியாக அனுப்புங்கள். கடிதப் போட்டி என்று டீச்சரிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

சானு ஆர். ஜே.

*

திருச்சி
24 ஜூன் 2024

அன்புள்ள சானு,

உன் கடிதம் கிடைத்தது. அட்டையைப் பற்றிய உண்மையைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதில் உன் தப்பு எதுவும் இல்லை. இணையத்துக்கு அடிமையானவர்கள் முதல் சில வாரங்கள் எங்களை ஏமாற்றுவது வழக்கம்தான். இனி அட்டையை நம்பமாட்டேன். உன் பெயர் எங்கும் வராது.

சிபி என்னிடம் பேசுவதை உன்னிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் உன் அம்மாவுக்குத் தெரிந்த ஒன்றை உனக்கும் சொல்லலாம். வரும் ஜூலை ஆறு, சனிக்கிழமையிலிருந்து, மாலை ஆறு மணிக்கு அம்மா மோடத்தை அணைப்பார். காலை ஏழுக்குத்தான் திறப்பார். சிபி இதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

முதல் நாள் கோபம் வரும். கத்துவான், பொருட்களை எறிவான், அம்மா சொன்னதுபோலத் தள்ளவும் செய்வான். தள்ளினால் அம்மா இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்கட்டும். அவன் கண்ணைப் பார்த்து, தாழ்ந்த குரலில் பேசட்டும். அறையைவிட்டு ஓட வேண்டாம். ஓடினால், கோபம் ஜெயிக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். இப்படித் தள்ளுகிற பல பையன்களை நான் பார்த்திருக்கிறேன். நான்கைந்து நாளில் அடங்கிவிடுவார்கள். சேவலைப் பற்றிப் படித்தது மட்டும் மனதை உறுத்துகிறது. அதை அவனிடம் வேறு வழியாகப் பேசுவேன்.

ஒரு சின்னத் திருத்தம், கோபித்துக்கொள்ளாதே. என் அப்பா தமிழாசிரியர், பழக்கம் என்னையும் விடவில்லை. 'தல்லுவான்' இல்லை, 'தள்ளுவான்' என்று எழுத வேண்டும். குண்டு ள. மற்றபடி ஒரு பிழைகூட இல்லை. கேரளத்தில் இருந்துகொண்டு இவ்வளவு நல்ல தமிழா என்று ஆச்சரியப்பட்டேன்.

அன்புடன்,
ஜெம்மா

*

குன்னத்துகால்
3 ஜூலை 2024, புதன், இரவு

ஜெம்மா மேடத்துக்கு,

இன்றுதான் டீச்சர் கடிதத்தைத் தந்தார். பிழையைத் திருத்தியதற்கு நன்றி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நோட்டில் ஐம்பது முறை எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் தள்ளுவது வேறு, தல்லுவது வேறு. ஷீனா டீச்சரிடம் கேட்டேன். "தல்லுன்னு தமிழ் பாடத்துல ஒரு வார்த்தையும் இல்ல மோளே, அது நம்ம வீட்டுப் பேச்சு. பரீட்சையில எழுதினா மார்க்கு போவும்" என்றார். நல்ல தமிழில் இரண்டுக்கும் தள்ளுவது என்றுதான் எழுதுவார்கள் போலிருக்கிறது. இனி அப்படியே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அண்ணன் அம்மாவைத் தள்ளினான். தள்ளியதில் அம்மாவின் காதிலிருந்து ரத்தம் வந்தது. இப்போது அந்தக் காது சரியாகக் கேட்கவில்லை. கூப்பிட்டால் மறுபக்கம் திரும்பிப் பார்க்கிறாள்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. பயந்துதான் கொடுத்தேன். அம்மா திட்டவில்லை. இரண்டு முறை படித்துவிட்டு, "இவ்வளவு பையம்மார பார்த்திருக்காவளே. நம்ம சிபி மாதிரி வேற வீட்டுலயும் உண்டு, இல்லியா மக்கா?" என்று கேட்டாள். நாலைந்து நாளில் அடங்கிவிடுவான் என்ற வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கடிதத்தை பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம். தள்ளும்போது இரண்டடி பின்னால் நகர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மோடம் சமையல்கட்டில் இருக்கிறது. அங்கே இரண்டடி பின்னால் போனால் சுவர். பரவாயில்லையா?

சானு

*

நெய்யாற்றின்கரை ஆசுபத்திரி
7 ஜூலை 2024, ஞாயிறு, இரவு

மேடம்,

அம்மாவின் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது கை இரண்டு இடத்தில் ஒடிந்திருக்கிறது. விலா எலும்பு மூன்று. தலையில் ஒன்பது தையல். ரப்பர் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்ததாக அம்மா டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தது அண்ணன்தான். இப்போது வராந்தாவில் போனோடு இருக்கிறான். சார்ஜர் கேட்டு நர்சிடம் சிரித்துப் பேசுகிறான்.

நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தோம். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரியாக ஆறு மணிக்கு அம்மா மோடத்தை அணைத்தாள். அண்ணன் வந்து, "நெட் எங்க?" என்றான். "நீயும் ஒத்துக்கிட்டதுதானே மக்கா, ஆறு மணி" என்றாள். அவன் அம்மாவின் தோளில் கைவைத்துத் தள்ளினான். மேடம், நிஜமாகவே தள்ளினான், கதவைத் தள்ளுவதுபோல. அம்மா இரண்டடி பின்னால் போனாள். முதுகு சுவரில் முட்டியது. அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் திரும்பி வெளியே போய்விட்டான். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சொன்னாவல்லா" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் பாலை ஷீட்டாக அமர்த்துகிற ரோலர் இருக்கிறது. அதன் கைப்பிடியைக் கழற்றலாம். இரும்பு. அவன் அதைக் கழற்றும் சத்தம் எங்கள் இரண்டுபேருக்கும் கேட்டது. அது கழல நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் முன்வாசல் வழியாக ரோட்டுக்குப் போயிருக்கலாம். "அம்மா, ஓடு" என்றேன். கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா வரவில்லை. "ஓடப்பிடாதுன்னு எழுதியிருக்கு மக்கா" என்றாள்.

அவன் வந்ததும், "என்னப் பாரு மக்கா, சிபி, அம்மாவப் பாரு" என்று மெதுவாகத்தான் சொன்னாள். முதல் அடியில் கை தொங்கிவிட்டது. அப்போதும் அவன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கீழே விழுந்த பிறகு அடிகளை எண்ணினேன். பதினேழுவரை எண்ணினேன். பிறகு நானே மோடத்தைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டான். இரும்பை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனான்.

ஆசுபத்திரிக்கு வெளியே ஒரு வீட்டில் தொண்டு தல்லுகிறார்கள். உங்கள் ஊரில் உண்டா என்று தெரியாது. தொண்டு என்றால் தேங்காய் மட்டை. அதை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துக் கல்லில் வைத்து, சதையெல்லாம் போய் நார் மட்டும் மிஞ்சும்வரை கட்டையால் அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பெயர்தான் தல்லுவது. டீச்சர் கையில் பிரம்பால் ஒன்று வைத்தால் அது அடி. அப்பா எப்போதாவது முதுகில் கொடுத்ததும் அடி. நிறுத்தாமல் அடித்தால்தான் தல்லு. அதை அம்மா உங்களிடம் சொன்னாள். நானும் எழுதினேன். நீங்கள் அதைத் திருத்தினீர்கள்.

நான் எழுதியதில் பிழை இல்லை.

சானு

*

திருச்சி
12 ஜூலை 2024

சானு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை எங்கே வைத்தாலும் பொய்யாக இருக்கிறது.

மூன்றாம் தேதி எழுதியது எனக்குச் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. 'தள்ளியதில் காதிலிருந்து ரத்தம்' என்ற வரியைப் படித்ததும் உன் அம்மாவின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன். ஒருமுறை சிபி எடுத்தான். "அம்மா வெளிய போயிருக்காவ மேடம். எல்லாம் நல்லாப் போவுது. ஆறு மணிக்கு ஆஃப் பண்ணியாச்சு" என்றான். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. நேற்று உன் அடுத்த கடிதம் வந்தது.

உன் அம்மாவோடு பேசிய நாட்களின் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நான்கு இடத்தில் 'தள்ளுகிறான்' என்று எழுதியிருக்கிறேன். ஓரிடத்தில், பக்கத்தில் 'லேசான' என்று நானே சேர்த்திருக்கிறேன். அம்மா அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் இணைப்பு சரியில்லை, காற்று இரைகிறது என்று நினைத்தேன். எனக்குத் தெரியாத ஒரு சொல் இருக்கக்கூடும் என்று நினைக்கவில்லை. என்ன செய்கிறான், எதனால், எத்தனை முறை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

இனி நான் சிபியின் ஆலோசகர் இல்லை. மையத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். குழந்தை இருக்கும் வீட்டில் இப்படி நடந்தால் நான் தெரிவித்தே ஆக வேண்டும். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் நேற்றே தெரிவித்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே போலீஸ் வரலாம். அதனால் உனக்கு ஆபத்து கூடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. அவர்கள் வரும்வரை அவனோடு தனியாக இருக்காதே. ஓடு, சானு. யார் வீட்டுக்காவது ஓடு. யாருடைய போனிலாவது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழை. பின்னால் நகர்வது, கண்ணைப் பார்ப்பது என்று நான் எழுதிய எதையும் செய்யாதே.

என் முதல் கடிதத்தைக் கிழித்துவிடாதே. கேட்டால் காட்டு. என் பிழைக்கு அதுதான் சாட்சி.

ஒன்று கேட்கிறேன். விருப்பமில்லாவிட்டால் பதில் சொல்லாதே. உன்னையும் தல்லினானா? இந்தச் சொல்லைச் சரியாக எழுதியிருக்கிறேனா?

ஜெம்மா

*

குன்னத்துகால்
20 ஜூலை 2024, சனி, இரவு

ஜெம்மா மேடத்துக்கு,

சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். என்னையும் தல்லியிருக்கிறான், இரண்டு முறை. அம்மா படித்துவிடுவாளோ என்று முன்பு எழுதவில்லை.

திங்கள்கிழமை மத்தியானம் போலீஸ் வந்தது. எஸ்.ஐ. மோகனன் சாரும் அம்மிணி என்ற பெண் போலீசும். அம்மா முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்து அறையில் அண்ணன் விளையாடும் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "தள்ளினதாக்கும் சாரே. ஆம்பிளப்பிள்ள, ஒரு தேஷ்யத்துல, கோவத்துல தள்ளினான். நான் வழுக்கி விழுந்தேன்" என்றாள். நம்பாமல் பார்த்தார்கள். அம்மா எழுந்து, நல்ல கையால் பைபிளிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினாள். "திருச்சியிலேருந்து படிச்ச மேடம் எழுதினதாக்கும். பாருங்க, தள்ளுவான்னுதான் இருக்கு. மையத்து முத்திரையும் உண்டு."

மோகனன் சாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு, "மோளே, இதொந்நு வாயிச்சே" என்றார். நின்றுகொண்டு வாசித்தேன். பள்ளியில் செய்யுள் வாசிப்பதுபோலத்தான் வாசித்தேன். 'தல்லுவான் இல்லை, தள்ளுவான் என்று எழுத வேண்டும்' என்ற இடம் வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மலையாளத்தில் அந்த இரண்டு சொல்லும் உண்டு, மேடம். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"தல்லியோ, தள்ளியோ?" என்று கேட்டார். "ஒரு வாக்கு மதி." ஒரு சொல் போதும் என்று அர்த்தம்.

துப்பாக்கிச் சத்தம் நின்றிருந்தது. அண்ணன் வாசலில் நின்றான். அம்மா என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவன் தூக்கி வளர்த்த பிள்ளை நான். சர்ச் திருவிழாவில் அவன் தோளில் உட்கார்ந்து வாணவேடிக்கை பார்த்திருக்கிறேன். அதெல்லாம் ஞாபகம் வந்தது. பதினேழுவரை எண்ணியதும் ஞாபகம் வந்தது.

"தல்லி" என்றேன்.

அவன் போனை என் முகத்தில் எறிந்தான். மூன்று வருடமாக ஒருநாள்கூட அந்தப் போன் அவன் கையிலிருந்து விழுந்ததில்லை. என் உதடு கிழிந்து முன்பல் ஒன்று உடைந்தது. போன் தரையில் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. அப்போதுதான் அவன் கத்தினான். என்னைப் பார்த்து இல்லை, தரையைப் பார்த்து. அம்மிணி மேடம் பிடிப்பதற்குள் என் முடியைச் சுற்றிப் பிடித்து தலையைக் கதவுநிலையில் இரண்டுதடவை இடித்துவிட்டான். ஜீப் டிரைவரும் ஓடிவந்து மூன்றுபேர் சேர்ந்துதான் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏற்றும்போது, "என் போன எடுங்கலே, என் போன எடுங்கலே" என்றுதான் அழுதான்.

வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதினார்கள். ஒரே காகிதத்தில் மேலே அம்மா சொன்னது, கீழே நான் சொன்னது. நான் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். மேலே தள்ளி. கீழே தல்லி. அம்மா மேலே உள்ளதற்குக் கையெழுத்துப் போட்டாள். இந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அவன் சீக்கிரம் வெளியே வந்துவிடுவான் என்று அம்மிணி மேடம் என்னிடம் தனியாகச் சொன்னார். வந்தால் முதலில் என்னிடம்தான் வருவான்.

அப்பா சலாலாவிலிருந்து பேசினார். "நீ ஒரு கூடப்பிறந்தவளாட்டி?" என்றார். என் முகத்தில் தையல் இருப்பதால் வீடியோ போடவில்லை. இப்போது போனைப் பிடித்துக் காட்ட ஆளும் இல்லை.

அம்மா ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. கஞ்சியை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போய்விடுவாள். இன்று சாயந்திரம் என்னை உட்காரவைத்து உதட்டில் மருந்து போட்டாள். "வேதனிக்குதா?" என்று கேட்டாள்.

"போன் சும்மா தள்ளினதுதானே அம்மா" என்றேன்.

சொன்ன உடனே வருத்தமாக இருந்தது. அம்மா மருந்தை மூடிவைத்தாள். உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது வந்து உங்கள் முதல் கடிதத்தை என்னிடம் தந்தாள். "இத அவளுக்கே திரும்ப அனுப்பு" என்றாள். பிறகு, "நாளக்கழிஞ்சு, திங்கக்கிழம, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போணும். நீயும் வா. மலையாளம் எழுதினா எனக்கு வாசிச்சுச் சொல்லணும்" என்றாள்.

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தியில் 'தள்ளுவான்' என்ற சொல்லில் அந்தக் குண்டு ள மீது பேனாவால் ஒரு அடித்தல் இருக்கும். காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்திருக்கிறது.

அந்த அடித்தல் என்னுடையது இல்லை.

சானு